ஒன்றேகால் அடித் தண்ணீர்

படகு வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் எதிர்க்கடை உர வியாபாரி கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஊரு ஏரியே வத்திக் கெடக்குது, எதுலக்கா விடப் போறீங்க?" என்பதுதான். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் ஒரு பெண், ஐம்பத்தாறு வயதில், நீச்சல்கூடத் தெரியாமல் படகு வாங்கக் கிளம்புவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அவருக்கென்ன, எனக்கே முதல் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் வேடிக்கை போய், வேலை மட்டும் மிச்சமிருந்தது. வேலை என்று வந்துவிட்டால் எனக்குப் பயம் கிடையாது.

நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஒலக்கூர்ப் பக்கத்து மூட்டைகள்தான் என் மண்டிக்கு அதிகம் வரும். மூட்டையைப் பிரித்ததும் மேலே தெரியும் காயை நான் பார்ப்பதேயில்லை. மேலே எல்லோரும் நல்ல காயைத்தான் வைப்பார்கள். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் இருப்பதை ஒரு பிடி எடுத்து, காதருகே வைத்துக் குலுக்குவேன். காய்ந்த காய் கலகலவென்று சத்தம் போடும். ஈரக்காய் வாயே திறக்காது. பிறகு எடை. சாக்கோடு நிறுத்து, வெறும் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். எங்கள் தொழிலில் பாதிச் சண்டை அந்த வெறும் சாக்கு எத்தனை கிலோ என்பதில்தான். முப்பது வருஷமாக அந்தச் சண்டையில் நான் தோற்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

என் வீட்டுக்காரர் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை நாளெல்லாம் பாசஞ்சர் ரயிலில் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரை மாட்டிக்கொண்டு மரக்காணம் பக்கம் கழுவெளிக்குப் போய்விடுவார். கடலோரத்து உப்புத்தண்ணீர் ஏரி அது. குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். அதிலும் பூநாரை என்றால் அவருக்கு உயிர். வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத மனிதர் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் சர்க்கரை கண்ணில் கை வைத்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவே ஒரு புகை. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். "இருக்கறதக் காப்பாத்திப் பாப்போம்மா. அடுத்த வருஷமும் இவ்ளோ இருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். கிட்டத்தில் இருப்பது, பெரிதாக இருப்பது, அது மட்டும் அவருக்குத் தெரியும். ஆனால் எதைக் காட்டினாலும் "தெரியுது, தெரியுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நோகக் கூடாதாம்.

போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சாலையோரத்தில் காரை நிறுத்தி இறங்கினோம். இடது பக்கம் தூரத்தில், தண்ணீர் நடுவே, பூநாரைக் கூட்டம் நின்றிருந்தது. வலது பக்கம் உப்பளம். அறுவடை செய்த உப்பை வெள்ளை வெளேரென்று வரிசையாகக் குவித்து வைத்திருந்தார்கள். அவர் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வலது பக்கமே பார்த்தார்.

"யப்பா, எவ்ளோ வந்துருக்குதுங்க பாரு! என்னா அழகா வரிசையா நிக்குதுங்க" என்றார்.

நான் "ஆமாங்க" என்றேன். ஒரு சொத்தைக் காயைக் கூட நல்ல காய் என்று ஒத்துக்கொள்ளாத வாய், உப்பைப் பறவை என்று ஒத்துக்கொண்டது. வீடு வரும் வரை அழுகையை அடக்கினேன். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து வெளியே வரும்போது முடிவு செய்திருந்தேன்: அடுத்த குளிர்காலத்துக்குள் இந்த மனிதரை அந்தப் பறவையின் மூக்கு தெரியும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

கரையிலிருந்து முடியாது; சேறு. மீனவர்களின் படகில் முன்பே ஒருமுறை ஏற்றிப் பார்த்தோம். ஒற்றைக் கண்ணுக்கு மேடு பள்ளம் தெரியாது. கால் வைத்ததும் படகு ஒருபக்கம் சாய, விழுந்து விலாவில் அடிபட்டு, பத்து நாள் படுக்கையில் இருந்தார். அதற்கப்புறம் படகு என்றாலே "வேணாம்மா, பேஜாரு" என்பார். ஆகவே ஆடாத படகு வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் போக வேண்டும். பறவைகள் நம்முடைய நேரத்துக்கு வராது என்பதால், இரண்டு நாள் தங்கிக் காத்திருக்கப் படுக்கை வேண்டும், ஒரு டீ போட இடம் வேண்டும். விசாரித்ததில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இரண்டு ஒடுக்கமான படகு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் தளம் போட்டுச் சேர்த்த படகு. கேட்டமரான் என்றார்கள். நான் ரெட்டைப் படகு என்று வைத்துக்கொண்டேன்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் விற்பனைக்கு மூன்று நின்றன. பட்டறைக்காரர் கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதலில் ஒற்றை உடல் பாய்மரப் படகு ஒன்றைக் காட்டினார். மேலே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நான் குனிந்து அடியைப் பார்த்தேன். படகு சாயாமலிருக்க ஒரு பெரிய ஈயக்கட்டை தொங்கியது.

"இதுக்கு எவ்ளோ தண்ணி வேணும்?"

"நாலரை அடி இருந்தா போதும்மா."

"நாங்க போற எடத்துல நாலரை அடித் தண்ணி கெணத்துலதான் இருக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்தது பெரிய ரெட்டைப் படகு. இரண்டு ரூம், ஏசி, பிரிட்ஜ். அதைக் காட்டும்போது மாப்பிள்ளை வீட்டைக் காட்டுவது மாதிரி பேசினார். நான் மறுபடியும் அடியில் நுழைந்தேன். இரண்டு எஞ்சினின் விசிறியும் கீழே நீட்டிக்கொண்டிருந்தன, தூக்க வழியில்லை. முதல் சேற்றிலேயே மாட்டும். அகலமோ லாரியைத் தாண்டியது. ரோட்டில் கொண்டுபோக முடியாது. என் வீட்டுக்காரர் உள்ளே போகும்போது வாசற்படியில் தடுக்கினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது, பட்டறை ஓரத்தில் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. இருபத்திரண்டு அடி. வெளிநாட்டுக்காரர் ஒருவர் செய்து, ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதாம். ஒவ்வொரு உடலுக்குள்ளும் ஒரு ஆள் படுக்கலாம். நடுத்தளத்தில் சின்னக் கூரை, முன்னால் உட்கார வலை. அடியில் நீட்டியிருக்கும் பலகைகளைக் கையாலேயே மேலே உருவிக்கொள்ளலாம், சுக்கான் தரையில் தட்டினால் மடங்கிக்கொள்ளும், பின்னால் மாட்டிய எஞ்சினைச் சாய்த்துத் தூக்கலாம். போல்ட்டைக் கழற்றினால் இரண்டு உடலும் தனித்தனி. டிரெய்லரில் ஏற்றித் திண்டிவனம் வரை இழுத்து வரலாம். பட்டறைக்காரருக்கு அதைக் காட்டவே விருப்பமில்லை. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது, முகத்தில் காட்டவில்லை.

"நடந்து பாருங்க" என்று வீட்டுக்காரரைத் தளத்தில் ஏற்றிவிட்டு, என் கையை எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு ஓரக் கம்பியைத் தடவிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை போய், திரும்பி வந்தார். படகு அசையவில்லை.

"பிளாட்பாரம் மாதிரி இருக்குதும்மா" என்றார். முப்பத்தைந்து வருஷம் பிளாட்பாரத்தில் வாழ்ந்தவர் வாயில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஆனாலும் மூட்டையின் அடியைப் பார்க்காமல் நான் வாங்குவேனா? கரையில் ஏற்றச் சொல்லி, புடவையைச் செருகிக்கொண்டு கீழே படுத்து, ஒரு நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று சுத்தமான சத்தம். இடது உடலின் பின்பக்கம் ஒரு முறம் அளவுக்கு மட்டும் சத்தம் மொத்தையாக வந்தது.

"இங்க உள்ள ஈரம் இருக்குது" என்றேன்.

"அது பெயிண்டு கெட்டிம்மா, ஒண்ணும் இல்ல."

"அறுத்துப் பாருங்க. ஈரம் இல்லன்னா நானே சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

அறுத்தார்கள். தண்ணீர் கசிந்தது. பட்டறைக்காரர் கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். "மேடம் படகு சர்வேயருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். "மல்லாட்டை மண்டி" என்றேன். அந்த இடத்தை வெட்டி எடுத்து, காயவைத்து, புதிதாகப் பூசிய பிறகுதான் வாங்கினேன். என்ன விலை என்று அன்றும் யாருக்கும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை.

பட்டறையை விட்டுக் கிளம்புமுன் ஒரு மூங்கில் கழியில் சிவப்புக் கோடு போட்டு, படகை மிதக்கவிட்டு, அது எவ்வளவு ஆழம் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று நானே இறங்கி அளந்தேன். ஒன்றேகால் அடி. முழங்காலுக்குக் கீழே. எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. படகு இரண்டு மாதம் மண்டி வாசலில் டிரெய்லரில் நின்றபோது, மூட்டை கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கழியைக் காட்டினேன்.

மரக்காணத்து மீனவர் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், பேரப்பிள்ளை எடுத்தவர், எங்களுக்குப் படகு ஓட்ட ஒத்துக்கொண்டார். கழுவெளி பறவைச் சரணாலயம், அதற்குள் படகு விடக்கூடாது. ஆனால் முகத்துவாரத்துப் பக்கம், வனத்துறை போர்டுக்கு வெளியே, காலையில் தண்ணீர் இறங்கும்போது பூநாரைகள் மேய வரும் என்றார். ஒரு வாரத்துக்கு முன்பே நானும் அவரும் அந்த வழி முழுக்கக் கழியை ஊன்றி நடந்து பார்த்தோம். ஒரே ஒரு மணல்திட்டு ஓரத்தில்தான் தண்ணீர் குறைவு; ஒன்றரை அடி. படகுக்கு ஒன்றேகால். கால் அடி மிச்சம். கணக்கு முடிந்தது என்று கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கிளம்பும் நாளன்று விழுப்புரம் பக்கம் காணையிலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தாள். துணைக்கு வருகிறாளாம். கையோடு அரை மூட்டை அரிசி, கேப்பை மாவு, மண்சட்டி, கேஸ் அடுப்பு, சிலிண்டர், இரண்டு பாய், மூன்று தலையணை, ஒரு தூக்கு நிறைய வற்றல்குழம்பு.

"ரெண்டு நாளைக்கு எதுக்குக்கா அரை மூட்டை அரிசி?"

"யாராச்சும் வந்துட்டா?"

"தண்ணி மேல யாருக்கா வருவாங்க?"

"வந்துட்டா இன்னாடி பண்ணுவ? உன் வூட்டுக்காரருக்குச் சக்கர வேற. கூழு இல்லாம அவர பட்டினி போடுவியா?"

அக்காவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. என் பங்குக்கு நானும் குடிதண்ணீர் கேன் ஐந்து, இன்னொரு பேட்டரி, இரண்டு நங்கூரம், ஸ்பேனர் பெட்டி, வேகவைத்த மல்லாட்டை ஒரு பெரிய கூடை என்று ஏற்றினேன். வீட்டை விட்டுக் கிளம்பினால் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற குடும்பம் எங்களுடையது. படகுக்காரர் ஒருமுறை மட்டும், "சாமான் ஜாஸ்தியா கீதேக்கா" என்றார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

முகத்துவாரத்துக்குப் போனபோது காலை வெயில் ஏறும் நேரம். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தோம். வீட்டுக்காரர் முன்வலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, கழியால் ஊன்றிப் போனோம். தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன, முன்னூறு நானூறு இருக்கும். "தெரியுதாங்க?" என்றேன். "தெரியுது, தெரியுது" என்றார், அதே குரலில். மணல்திட்டு ஓரம் வந்ததும் அடியில் சரக் என்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது.

படகுக்காரர் ஊன்றினார். நான் ஊன்றினேன். அசையவில்லை. கழியை இறக்கி அளந்தேன். தண்ணீர் அதே ஒன்றரை அடி இருந்தது. என் கணக்கில் தப்பில்லை, பிறகு ஏன் இடிக்கிறது? "கழியில என்னமோ கோளாறு" என்று கத்தினேன். திரும்பித் திரும்பி அளந்தேன்.

"தண்ணி எறங்கிக்கினு இருக்குதுக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல இதுங்க எந்திரிச்சி போர்டுக்கு உள்ள பூடும். அப்பறம் நாம போவக் கூடாது" என்றார் படகுக்காரர். கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ரெட்டைப் படகு சேற்றில் சாயாமல் குந்திக்கொள்ளும், அதற்காகவும்தான் வாங்கினேன். ஆனால் மாலையில் தண்ணீர் ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நாளைக் காலை பறவை வருமா என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தக் கண் இருக்குமா என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் அக்கா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் நான் அளந்தது வெறும் படகை. ஆள் இல்லை, அரிசி இல்லை, சிலிண்டர் இல்லை. முப்பது வருஷமாக வெறும் சாக்கின் எடைக்குச் சண்டை போட்டவள், வெறும் சாக்கை மட்டும் நிறுத்துவிட்டு, உள்ளே போடப்போகும் மல்லாட்டையை மறந்துவிட்டேன். ஊரில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. சாக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்குத்தான் வரும்.

"எல்லாத்தையும் எறக்கு" என்றேன்.

மணல்திட்டு பக்கத்திலேயே தண்ணீருக்கு மேல் தலைகாட்டிக்கொண்டிருந்தது. கேன், சிலிண்டர், பேட்டரி, நங்கூரம் எல்லாம் அங்கே போயின. அரிசி மூட்டை போனது. "இத யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்ட அக்காவும் கூடவே போனாள். திட்டு நடுவில் குடையை விரித்து, மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்து, என்னைத் திட்ட ஆரம்பித்தாள். படகு கொஞ்சம் எழும்பியது, ஆனாலும் உராய்ந்தது. படகுக்காரர் தண்ணீரில் இறங்கினார். ஒரு விரல்கடை எழும்பியது. இன்னும் இடித்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். என் எடையை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் கூட இரண்டு கிலோ குறைத்துத்தான் சொல்வேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு கணுக்காலை விழுங்கியது. படகு அப்போதே லேசாகி, தானே ஒரு முழம் நகர்ந்தது. திட்டிலிருந்து அக்கா, "பாத்தியா, மூட்டை யாருன்னு!" என்று கத்தினாள்.

படகில் இப்போது வீட்டுக்காரர் ஒருவர்தான். கண் போனதிலிருந்து அவரை யாரும் தனியாக எங்கும் விட்டதில்லை. "பயமா இருக்குதாங்க?" என்று கேட்டேன். "இல்ல, நீ தள்ளு" என்றார். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் படகுக்காரரும் சத்தம் போடாமல் தள்ளிக்கொண்டே நடந்தோம். படகு உடல் எனக்கு முன்னால் மறைத்துக்கொண்டிருந்தது; பறவை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கரகரவென்று அவை பேசிக்கொள்ளும் சத்தம் மட்டும் கிட்டத்தில் வந்தது.

வலையிலிருந்து வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். நின்றோம்.

தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தெரியுதாங்க?" என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. கேட்டால் தெரியுது என்றுதான் சொல்வார் என்பதால் கேட்கவில்லை.

"மூக்கு நுனி கருப்பு" என்றார் மெதுவாக. "முன்னால நிக்கிறது ஒத்தக் கால மடக்கிக்கினு நிக்குது. அதுக்குப் பக்கத்துல ஒண்ணு, குஞ்சு போல இருக்குது, ரோசே ஏறல, சாம்பலா கீது."

படகின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் ஒற்றைக் காலில் ஒன்று. நான் படகு உடலில் நெற்றியை வைத்துக்கொண்டேன். இந்த முறை குழாயைத் திறக்க வழியில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

"ஏம்மா" என்றார், பறவைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அன்னிக்கி ரோட்டுல நின்னு நான் பாத்தது உப்புதான?"

பொய் சொல்ல எனக்கு நேரமிருந்தது. மனசில்லை.

"ஆமாங்க. உப்புதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதான் ஒண்ணு கூட நகரல" என்றார். பிறகு வலையில் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் அசைத்தார்.

"ரெண்டடி தள்ளு. மெதுவா."

தள்ளினேன்.